ஓடுகிற நிரலில் ப்ரொஃபைலரைப் போடுவதும் நிறுத்துவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"சர்வர் சில நேரம் மட்டும் மெதுவாகிறது, எங்கே நேரம் போகிறது என்றே தெரியவில்லை" என்று சொல்லி வருபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. நான் அதிகம் புழங்குவது பைத்தானில் என்பதால் அதைப் பற்றித்தான் விரிவாக எழுதியிருக்கிறேன். கோ, ஜாவா, சி போன்றவற்றுக்கும் தேவையான அளவு பின்னால் இருக்கிறது.

ப்ரொஃபைலர் தெரியும். அதை "ஓடும்போது கட்டுப்படுத்துவது" என்றால் என்ன?

நிரல் ஓடும்போது எந்த ஃபங்ஷனில் எவ்வளவு நேரம் போனது, எது எத்தனை முறை அழைக்கப்பட்டது என்று குறித்துக்கொள்ளும் கருவிதான் ப்ரொஃபைலர். வழக்கமாக நிரலைத் தொடங்கும்போதே அதையும் சேர்த்துத் தொடங்குவோம். நிரல் முடிந்ததும் அறிக்கை கையில் வரும். ஒருமுறை ஓடி முடியும் சின்ன ஸ்கிரிப்டுக்கு இதுவே போதும்.

மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும் சர்வருக்கு "முடிந்ததும்" என்ற ஒன்று கிடையாது. அங்கே நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவீட்டைத் தொடங்க வேண்டும், வேண்டிய பகுதி முடிந்ததும் நிறுத்த வேண்டும், அறிக்கையை வாங்கிக்கொண்டு நிரலை அதன் பாட்டுக்கு ஓட விட வேண்டும். இந்த ஸ்விட்சை நிரலுக்குள்ளேயே வைக்கலாம். வெளியிலிருந்து போடும் வழிகளும் உண்டு.

முழு ஓட்டத்தையும் அளந்துவிட்டு, வேண்டியதை மட்டும் அப்புறம் பார்த்துக்கொண்டால் என்ன?

பார்க்கலாம், ஆனால் வேண்டியது கண்ணில் படாது. நான் கவனித்துக்கொண்டிருந்த ஒரு பில்லிங் சர்வரில் ஒரே ஒரு அறிக்கை மட்டும் 40 விநாடி எடுத்தது, அதுவும் சில வாடிக்கையாளர்களுக்கு மட்டும். முதலில் சர்வர் முழுவதையும் ஒரு மணி நேரம் ப்ரொஃபைல் செய்தேன். பட்டியலின் தலையில் வந்து உட்கார்ந்தவை தொடக்கத்தில் லைப்ரரிகளை ஏற்றிய நேரம், டெம்ப்ளேட்டுகளைப் படித்த நேரம், அடுத்த கோரிக்கைக்காகச் சும்மா காத்திருந்த நேரம். நான் தேடிய அறிக்கை அந்த ஒரு மணி நேரத்தில் மூன்று முறைதான் கேட்கப்பட்டிருந்தது. அதன் பங்கு எங்கோ அடியில் கரைந்துபோயிருந்தது.

அப்புறம் அந்த அறிக்கையைத் தயாரிக்கும் ஃபங்ஷனுக்குள் நுழையும்போது ப்ரொஃபைலரைப் போட்டு, வெளியே வரும்போது நிறுத்தினேன். ஒரே ஓட்டத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வரியிலும் இருந்த தேதியை எழுத்திலிருந்து தேதியாக மாற்ற 'ஸ்ட்ரிப்டைம்' அழைக்கப்பட்டுக்கொண்டிருந்தது, சில லட்சம் முறை. பைத்தானில் அது கொஞ்சம் மெதுவான வேலை. கொடுத்த வடிவத்தோடு தேதியை ஒவ்வொரு முறையும் பொருத்திப் பார்த்து அலசுகிறது. எங்கள் தேதிகள் ஏற்கெனவே ஐஎஸ்ஓ வடிவத்தில் (ஆண்டு-மாதம்-நாள்) இருந்ததால் 'ஃப்ரம்ஐஎஸ்ஓஃபார்மட்' போதுமானதாக இருந்தது. மாற்றியது ஒரே வரி.

கேள்வி எங்கே இருக்கிறதோ அந்த இடத்தில் மட்டும் அளந்தால்தான் பதில் பெரிதாகத் தெரியும். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்ததும் அதுதான். மீதி எல்லாம் அதைச் செய்யும் வழிமுறை.

ப்ரொஃபைலர்களில் இரண்டு வகை என்கிறார்களே, எதைப் பயன்படுத்துவது?

ஒன்று எண்ணும் வகை, இன்னொன்று மாதிரி எடுக்கும் வகை. கல்யாண வீட்டுச் சமையல்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். யார் கரண்டியை எடுத்தாலும் வைத்தாலும் வாசலில் இருக்கும் நோட்டில் நேரம் எழுத வேண்டும் என்று சொன்னால் அது எண்ணும் வகை. கணக்கு துல்லியமாக இருக்கும், ஆனால் நோட்டில் எழுதுவதற்கே நேரம் போகும். மேற்பார்வையாளர் பத்து விநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து யார் எந்த அடுப்பில் நிற்கிறார் என்று மட்டும் குறித்துக்கொண்டால் அது மாதிரி எடுக்கும் வகை. சமையல் தடைபடாது, ஆனால் இரண்டு பார்வைகளுக்கு நடுவே நடந்தது தெரியாது.

எண்ணும் வகையில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஓர் அழைப்பைக் குறிக்க அரை மைக்ரோவிநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 லட்சம் அழைப்புகள் நடந்தால் 1 விநாடி கூடுதலாகச் சேர்கிறது. அந்த ஒரு விநாடி எல்லா ஃபங்ஷன்களுக்கும் சமமாகப் பிரிவதில்லை. அடிக்கடி அழைக்கப்படும் குட்டி ஃபங்ஷன்கள் தலையில்தான் மொத்தமாக விழுகிறது. அதனால் அவை உண்மையில் இருப்பதைவிடப் பெரிய குற்றவாளிகளாகத் தெரியும். அதை நம்பி நல்ல கோடைக் கலைத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாதிரி எடுக்கும் வகையில் சுமை மிகக் குறைவு. ஆனால் போதுமான மாதிரிகள் சேர வேண்டும். விநாடிக்கு 100 முறை என்று 30 விநாடி எடுத்தால் 3,000 மாதிரிகள். அதில் 1 சதவீத நேரம் எடுக்கும் ஃபங்ஷனுக்குச் சுமார் 30 மாதிரிகள் விழும், ஐந்தாறு கூடலாம் குறையலாம். ஆகவே "இது 1 சதவீதம், அது 1.2 சதவீதம்" என்று இரண்டை ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் பொருளில்லை.

என் பழக்கம் இப்படி: எந்தப் பகுதி என்றே தெரியாதபோது மாதிரி எடுக்கும் கருவி. பகுதி தெரிந்து, "இது ஏன் இத்தனை முறை அழைக்கப்படுகிறது" என்று கேட்கும் கட்டத்தில் எண்ணும் கருவி, அதுவும் ஸ்விட்ச் வைத்து.

பைத்தானில் நிரலுக்குள்ளிருந்தே எப்படிப் போட்டு நிறுத்துவது?

பைத்தானோடு சேர்ந்தே வரும் 'சிப்ரொஃபைல்' இதற்குப் போதும். இது 2006-இல் வந்த 2.5 பதிப்பிலிருந்து இருக்கிறது. 'ப்ரொஃபைல்' என்ற கிளாஸில் ஓர் ஆப்ஜெக்டை உருவாக்குங்கள். வேண்டிய இடத்துக்கு முன்னால் அதன் 'எனேபிள்', பின்னால் 'டிஸேபிள்'. நடுவில் பிழை வந்தாலும் நிற்க வேண்டும் என்பதால் டிஸேபிளை 'ஃபைனலி' பகுதிக்குள் வையுங்கள். 3.8 பதிப்பிலிருந்து இதே ஆப்ஜெக்டை 'வித்' உடன் பயன்படுத்தலாம். உள்ளே நுழைந்தால் போடும், வெளியேறினால் நிறுத்தும். மறந்துபோக வாய்ப்பே இல்லை என்பதால் நான் இதைத்தான் சொல்வேன். முடிவை 'டம்ப்_ஸ்டாட்ஸ்' மூலம் ஒரு ஃபைலில் எழுதி, 'பிஸ்டாட்ஸ்' மாட்யூலில் திறந்து வரிசைப்படுத்திப் பார்க்கலாம்.

இங்கே பலர் இடறும் இடங்கள் இரண்டு.

முதலாவது, அறிக்கை எழுதினால் அளவீடு நின்றுவிடும். 'டம்ப்_ஸ்டாட்ஸ்' ஆனாலும் 'பிரிண்ட்_ஸ்டாட்ஸ்' ஆனாலும் உள்ளுக்குள் முதலில் டிஸேபிளை அழைத்துவிட்டுத்தான் எழுதுகின்றன. "ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஃபைலில் எழுதச் சொன்னேன், முதல் ஃபைலுக்கு அப்புறம் எண்கள் மாறவே இல்லை" என்று வருபவர்களின் கதை இதுதான். எழுதி முடித்ததும் மறுபடி எனேபிள் செய்ய வேண்டும்.

இரண்டாவது, அதே ஆப்ஜெக்டை மறுபடி எனேபிள் செய்தால் பழைய கணக்கின் மேல் புதியது சேரும். சில நேரம் இது வரம்: ஒரே ஃபங்ஷனின் நூறு ஓட்டங்களை ஒரே கணக்கில் சேர்க்கலாம். ஒவ்வொரு கோரிக்கையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டுமானால் புது ஆப்ஜெக்ட் எடுங்கள், அல்லது 'கிளியர்' செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

அறிக்கையில் 'எல்எஸ்ப்ரொஃப்' என்ற பெயரோடு 'டிஸேபிள்' என்று ஒரு வரி வருகிறதே, நான் எழுதாத கோட் அது?

நீங்கள் எழுதியதுதான். எல்எஸ்ப்ரொஃப் என்பது சிப்ரொஃபைலின் உள் மாட்யூலின் பெயர். அளவீட்டை நிறுத்த அழைத்த அந்த டிஸேபிளே கடைசி அழைப்பாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. எண்ணிக்கை 1, நேரம் பூஜ்யம் என்று இருக்கும். விட்டுவிடுங்கள்.

எனேபிள் செய்த ஃபங்ஷனே பட்டியலில் காணவில்லையே?

நீங்கள் ஸ்விட்சைப் போடும்போது அந்த ஃபங்ஷன் ஏற்கெனவே தொடங்கியாகிவிட்டது. அது தொடங்கியதை ப்ரொஃபைலர் பார்க்கவில்லை. அதன் பிறகு நடக்கும் அழைப்புகள் மட்டுமே ஏறும். அந்த ஃபங்ஷனின் சொந்த நேரமும் தெரிய வேண்டுமானால் ஒரு படி மேலே, அதை அழைக்கும் இடத்தில் ஸ்விட்சை வையுங்கள்.

நேரம் என்று அது காட்டுவது கடிகார நேரமா, சிபியூ நேரமா?

சிப்ரொஃபைல் இயல்பாகக் கடிகார நேரத்தைத்தான் எடுக்கிறது. டேட்டாபேஸுக்காகக் காத்திருந்த இரண்டு விநாடியும் அதில் சேரும். அது பெரும்பாலும் நல்லதுதான், பயனர் காத்திருந்ததும் அந்த நேரம்தானே. சிபியூ உழைப்பை மட்டும் பார்க்க வேண்டுமானால் ஆப்ஜெக்டை உருவாக்கும்போது வேறு டைமரைக் கொடுக்கலாம், உதாரணமாக 'ப்ராசஸ்_டைம்'. ஒரே ஓட்டத்தை இரண்டு வழியிலும் அளந்து பார்த்தால் எது கணக்கு போடும் நேரம், எது காத்திருக்கும் நேரம் என்று பிரிந்துவிடும்.

பல த்ரெட்டுகள் (ஒரே நிரலுக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் வேலை இழைகள்) ஓடினால்?

3.11 பதிப்பு வரை, எந்த த்ரெட்டில் எனேபிள் அழைத்தீர்களோ அந்த த்ரெட் மட்டுமே அளக்கப்படும். மெயின் த்ரெட்டில் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, வேலை முழுவதும் வொர்க்கர் த்ரெட்டுகளில் நடந்தால், அறிக்கையில் "காத்திருந்தேன்" என்பதைத் தவிர ஒன்றும் இருக்காது. ஆகவே வேலை நடக்கும் த்ரெட்டுக்குள்ளேயே, கோரிக்கையைக் கையாளும் ஃபங்ஷனில் ஸ்விட்ச் இருக்க வேண்டும்.

2023-இல் வந்த 3.12-இலிருந்து சிப்ரொஃபைல் புதிய 'மானிட்டரிங்' அடித்தளத்தின் மேல் ஓடுகிறது. அதில் ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் போட முடியாது. ஒரு த்ரெட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றில் எனேபிள் செய்தால், வேறொரு ப்ரொஃபைலர் ஏற்கெனவே இயங்குகிறது என்று 'வேல்யூ எரர்' எழும். இதைப் பிடிக்காமல் விட்டால் அளக்கப் போய் வாடிக்கையாளரின் கோரிக்கையையே விழவைத்துவிடுவோம். ஸ்விட்சைச் சுற்றி ஒரு பூட்டு போடுங்கள்: பூட்டு கிடைத்தால் அளக்கட்டும், கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் அளக்காமலே வேலையைச் செய்யட்டும்.

அசிங்க் கோடில் ஸ்விட்ச் வைத்தால் சம்பந்தமில்லாத ஃபங்ஷன்கள் எல்லாம் வருகின்றன. ஏன்?

ஒரே த்ரெட்டில் பல வேலைகள் மாறி மாறி நடப்பதால். உங்கள் கோரிக்கை 'அவெய்ட்' என்று சொல்லி வழி விட்ட நிமிடத்தில் வேறு கோரிக்கை ஓடத் தொடங்குகிறது. ஸ்விட்ச் இன்னும் போட்டபடியே இருப்பதால் அதுவும் ஏறிவிடும். தவிர, ஒரு கோரூட்டீன் (நடுவில் நின்று பிறகு தொடரக்கூடிய ஃபங்ஷன்) ஒவ்வொரு முறை எழுந்து தொடரும்போதும் அது புதிய அழைப்பாக எண்ணப்படுகிறது. ஒரே முறை அழைத்த ஃபங்ஷனுக்கு எண்ணிக்கை 57 என்று வந்தால் பதற வேண்டாம்.

ஸ்விட்சை இரண்டு அவெய்ட்டுகளுக்கு நடுவே இருக்கும் தொடர்ச்சியான கணக்குப் பகுதியில் மட்டும் வைத்தால் அளவீடு சுத்தமாக இருக்கும். முழுக் கோரிக்கையும் வேண்டுமென்றால் சோதனை சர்வரில் அந்த ஒரு கோரிக்கையை மட்டும் தனியாக அனுப்பி அளப்பதே நேர்மையான வழி.

சிக்னல் அனுப்பிப் போடவும் நிறுத்தவும் முடியுமா?

முடியும், பழைய நல்ல வழி. சிக்னல் என்பது ஓடும் நிரலுக்கு (ப்ராசஸுக்கு) இயங்குதளம் வழியாக அனுப்பும் சின்னச் செய்தி. நிரலில் 'யூஎஸ்ஆர்1' சிக்னலுக்கு ஒரு ஹேண்ட்லர் (சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) எழுதி, முதல் முறை வந்தால் போடு, அடுத்த முறை வந்தால் நிறுத்தி ஃபைலில் எழுது என்று வைக்கலாம். வெளியிலிருந்து 'கில்' கட்டளையில் அந்த சிக்னலை அனுப்பினால் போதும். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் நிரலை மறுபடி தொடங்க வேண்டாம், கோடை மாற்ற வேண்டாம்.

தொடங்குவதற்கு முன் சிலவற்றைச் சரிபாருங்கள். ஹேண்ட்லர் இல்லாத ப்ராசஸுக்கு யூஎஸ்ஆர்1 அனுப்பினால் அது செத்துப்போகும். அதன் இயல்பான விளைவே அதுதான். தவறான ப்ராசஸ் எண்ணுக்கு அனுப்பி நல்ல சர்வரைக் கொன்றுவிடாதீர்கள். அடுத்து, அந்த சிக்னலை வேறு யாராவது ஏற்கெனவே பயன்படுத்துகிறார்களா என்று பாருங்கள். பைத்தான் வெப் சர்வரான குனிகார்னில் யூஎஸ்ஆர்1 வந்தால் லாக் ஃபைல்கள் மறுபடி திறக்கப்படும், யூஎஸ்ஆர்2 வந்தால் ஓடிக்கொண்டே புதிய பதிப்புக்கு மாறும் வேலை தொடங்கும். நோட்.ஜேஎஸ் யூஎஸ்ஆர்1-ஐ டீபக்கரைத் திறக்கத் தனக்கென்று வைத்திருக்கிறது.

பைத்தானுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பைத்தானில் சிக்னல் ஹேண்ட்லர்கள் எப்போதும் மெயின் த்ரெட்டில்தான் ஓடும். முந்தைய கேள்வியில் சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள்: ஹேண்ட்லருக்குள் நேராக எனேபிள் செய்தால் 3.11 வரை மெயின் த்ரெட் மட்டுமே அளக்கப்படும். ஆகவே ஹேண்ட்லரில் ஒரு கொடியை (ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் மாறியை) மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு கோரிக்கையும் தொடங்கும்போது அந்தக் கொடியைப் பார்த்து, தன் த்ரெட்டில் தானே ஸ்விட்சைப் போட்டுக்கொள்ளட்டும்.

முழு ப்ரொஃபைல் வேண்டாம், "இப்போது எங்கே நிற்கிறது" என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் 'ஃபால்ட்ஹேண்ட்லர்' மாட்யூலின் 'ரெஜிஸ்டர்' இருக்கிறது. சிக்னல் வந்ததும் எல்லா த்ரெட்டுகளின் அழைப்பு அடுக்கையும் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்து இங்கே வந்து நிற்கிறது என்ற பட்டியலை) எழுதிவிடும். ஐந்தாறு முறை அனுப்பி ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நின்றால் விடை கிடைத்தாயிற்று.

நிரலில் ஒரு வரிகூடச் சேர்க்காமல் முடியாதா?

முடியும். 'பை-ஸ்பை' என்ற கருவி ரஸ்டில் எழுதப்பட்டது. வெளியிலிருந்து பைத்தான் ப்ராசஸின் மெமரியைப் படித்து மாதிரி எடுக்கிறது, இயல்பாக விநாடிக்கு 100 முறை. ப்ராசஸ் எண்ணைக் கொடுத்து 'ரெக்கார்ட்' என்றால் தீச்சுடர் வரைபடம் (எங்கே எவ்வளவு நேரம் போனது என்று பட்டைகளின் அகலத்தில் காட்டும் படம்) தரும், 'டம்ப்' என்றால் அந்த நொடியின் அடுக்கைக் காட்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் ப்ராசஸைக் கண நேரம் நிறுத்துகிறது. அதுவும் வேண்டாம் என்றால் 'நான்பிளாக்கிங்' விருப்பம் உண்டு, ஆனால் சில மாதிரிகள் தவறாக வரலாம். உபுண்டுவில் வேறொரு ப்ராசஸுக்குள் எட்டிப் பார்க்க இயல்பாக அனுமதி இல்லை, 'சுடோ' வேண்டும். டாக்கர் கன்டெய்னருக்குள் என்றால் 'சிஸ்_பிட்ரேஸ்' அனுமதியைச் சேர்க்க வேண்டும்.

2025-இல் வந்த 3.14 பதிப்பில் இன்னொரு வழி திறந்திருக்கிறது. 'சிஸ்' மாட்யூலின் 'ரிமோட்_எக்ஸெக்' மூலம் ப்ராசஸ் எண்ணையும் ஒரு ஸ்கிரிப்ட் ஃபைலையும் கொடுத்தால், ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பைத்தான் பாதுகாப்பான ஓர் இடம் வந்ததும் ஸ்கிரிப்டை உள்ளே ஓட்டும். ப்ரொஃபைலரைப் போடும் வரிகளை அதில் எழுதி அனுப்பலாம். பல வருடம் நாங்கள் ஜிடிபி டீபக்கரை வைத்துச் செய்த ஆபத்தான வித்தைக்கு இப்போது முறையான வாசல் வந்திருக்கிறது என்பதில் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

லினக்ஸின் 'பெர்ஃப்' கருவிக்கும் ப்ராசஸ் எண் கொடுத்தால் போதும். 3.12-இலிருந்து பைத்தான் ஃபங்ஷன்களின் பெயர்களும் அதில் தெரியும்படி செய்யலாம், 'ஆக்டிவேட்_ஸ்டேக்_ட்ராம்போலின்' என்று நிரலுக்குள்ளிருந்தே போடலாம், அணைக்கலாம். பெர்ஃபில் விநாடிக்கு 100-க்குப் பதில் 99 என்று கொடுப்பது வழக்கம்: நிரலில் சரியாக நூற்றிலொரு விநாடிக்கு ஒருமுறை நடக்கும் வேலை ஏதாவது இருந்தால், மாதிரியும் அதே தாளத்தில் விழுந்து ஏமாற்றக் கூடாது என்பதற்காக.

கோ மொழியில்?

கோ இதை ஆரம்பத்திலிருந்தே நன்றாகச் செய்திருக்கிறது. 'பிப்ரொஃப்' பேக்கேஜில் 'ஸ்டார்ட்சிபியூப்ரொஃபைல்', 'ஸ்டாப்சிபியூப்ரொஃபைல்' என்று இரண்டு ஃபங்ஷன்கள். விநாடிக்கு 100 மாதிரி, ப்ராசஸ் முழுவதற்கும் சேர்த்து. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போது மறுபடி தொடங்கினால் பிழை திரும்பி வரும், அதைப் பாருங்கள். வெப் சர்வர் என்றால் ஹெச்டிடிபி வடிவத்தை இம்போர்ட் செய்தாலே முகவரி ஒன்று திறந்துவிடும். அதைக் கேட்டால் இயல்பாக 30 விநாடி அளந்து ஃபைலைத் தரும்.

குறிப்பிட்ட கோரிக்கையை மட்டும் பார்க்க இங்கே ஸ்விட்ச் தேவையில்லை. 'பிப்ரொஃப்.டூ' மூலம் அந்த வேலைக்கு ஒரு லேபிள் ஒட்டிவிட்டால், முழு ப்ராசஸையும் அளந்த பிறகு லேபிளை வைத்து வடிகட்டலாம். பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தை அளக்கும் 'மியூடெக்ஸ்', 'பிளாக்' ப்ரொஃபைல்கள் இயல்பில் அணைந்திருக்கும், அவற்றின் விகிதத்தை நிரலுக்குள் நீங்களே ஏற்ற வேண்டும்.

ஜாவாவில்?

'ஜேஎஃப்ஆர்' (ஜாவா ஃப்ளைட் ரெக்கார்டர்) பயன்படுத்துங்கள். 2018-இல் ஜேடிகே 11-இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. 'ஜேசிஎம்டி' கட்டளையில் ப்ராசஸ் எண்ணோடு 'ஜேஎஃப்ஆர்.ஸ்டார்ட்', 'ஜேஎஃப்ஆர்.டம்ப்', 'ஜேஎஃப்ஆர்.ஸ்டாப்'. 'டியூரேஷன்' கொடுத்தால் அத்தனை விநாடியில் தானே நின்றுவிடும். விமானத்தின் கறுப்புப் பெட்டி போல எப்போதும் ஓட விடும் அளவுக்குச் சுமை குறைவு. அப்படி ஓட விட்டு, சிக்கல் நடந்த பிறகு டம்ப் எடுத்தால் நடந்து முடிந்த நிமிடங்களையே திரும்பிப் பார்க்கலாம். மற்ற மொழிக்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய வசதி இது.

சி, சி++?

'ஜிப்ரொஃப்' 1982-இல் பெர்க்லியிலிருந்து வந்தது. 'பிஜி' விருப்பத்தோடு கம்பைல் செய்த நிரலுக்குள் 'மான்கண்ட்ரோல்' என்ற ஃபங்ஷனை 0 கொடுத்து அழைத்தால் அளவீடு நிற்கும், 1 கொடுத்தால் தொடரும். நாற்பது வருடத்துக்கு முன்பே இந்தத் தேவையை உணர்ந்திருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் 'ஜிபெர்ஃப்டூல்ஸ்' அல்லது பெர்ஃபைத்தான் சொல்வேன். ஜிபெர்ஃப்டூல்ஸில் 'ப்ரொஃபைலர்ஸ்டார்ட்', 'ப்ரொஃபைலர்ஸ்டாப்' என்று கோடில் எழுதலாம், அல்லது 'சிபியூப்ரொஃபைல்சிக்னல்' என்ற சூழல் மாறியில் (என்விரான்மென்ட் வேரியபிளில்) ஒரு சிக்னல் எண்ணைக் கொடுத்து வெளியிலிருந்தே மாற்றி மாற்றிப் போடலாம்.

வால்கிரிண்டின் 'கால்கிரிண்ட்' பல மடங்கு மெதுவாக ஓடும். அங்கே ஸ்விட்ச் கட்டாயம். அளவீட்டை அணைத்த நிலையில் தொடங்கி, வேண்டிய இடம் வந்ததும் 'கால்கிரிண்ட்_கண்ட்ரோல்' மூலம் போடுங்கள். இல்லாவிட்டால் நிரல் தொடங்கவே டீ குடித்துவிட்டு வரலாம்.

பெர்ல், பிஹெச்பி?

பெர்லில் 'என்ஒய்டிப்ரொஃப்': சூழல் மாறியில் 'ஸ்டார்ட்=நோ' என்று கொடுத்து, கோடில் 'டிபி::எனேபிள்_ப்ரொஃபைல்', 'டிபி::டிஸேபிள்_ப்ரொஃபைல்'. பிஹெச்பியில் எக்ஸ்டீபக்கை 'ட்ரிகர்' முறையில் வைத்தால், குறிப்பிட்ட குக்கியோ அளவுருவோ வரும் கோரிக்கையை மட்டும் அளக்கும்.

ஓடி முடிந்தும் ஃபைல் இல்லை, அல்லது காலியாக இருக்கிறது.

எண்ணிய கணக்கு மெமரியில் இருக்கும், ஒழுங்காக முடியும்போதுதான் ஃபைலுக்குப் போகும். ஜிப்ரொஃப் நிரலை 'கில்' செய்தால் ஃபைல் எழுதப்படாது. பெர்லில் இதற்காகவே 'சிக்எக்ஸிட்' விருப்பம் இருக்கிறது. ஒரே டைரக்டரியில் பல ப்ராசஸ்கள் ஓடினால் ஒன்றின் ஃபைலை இன்னொன்று அழித்து எழுதும். ஜிப்ரொஃபுக்கு 'ஜிமான்_அவுட்_ப்ரிஃபிக்ஸ்' என்ற சூழல் மாறியைக் கொடுத்தால் பெயரோடு ப்ராசஸ் எண்ணும் சேரும். இன்னொரு காரணம் 'ஃபோர்க்', அதாவது ஒரு ப்ராசஸ் தன் நகலாகப் பிள்ளை ப்ராசஸை உருவாக்குவது: சிபியூ மாதிரி எடுக்கும் பழைய டைமர் பிள்ளை ப்ராசஸுக்குப் போவதில்லை. தாயில் போட்ட ஸ்விட்ச் பிள்ளையில் வேலை செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள், பிள்ளைக்குள் தனியாகப் போடுங்கள்.

மெமரிக்கும் இப்படி ஸ்விட்ச் உண்டா?

பைத்தானில் 'ட்ரேஸ்மால்லாக்'. 'ஸ்டார்ட்' செய்து, இரண்டு முறை 'டேக்_ஸ்னாப்ஷாட்' எடுத்து ஒப்பிட்டு, 'ஸ்டாப்'. ஸ்டார்ட்டுக்கு முன்னால் ஒதுக்கப்பட்ட மெமரி அதற்குத் தெரியாது.

நேரடி சர்வரில் செய்யலாமா? ஆபத்து இல்லையா?

மாதிரி எடுக்கும் கருவியைத் தயங்காமல் பயன்படுத்தலாம், பயன்படுத்தவும் வேண்டும். சிக்கல் நேரடி சர்வரில்தான் வருகிறது, சோதனை சர்வரில் அந்தத் தரவும் கூட்டமும் கிடையாது. எண்ணும் கருவியை ஒரு வொர்க்கரில், ஒரு கோரிக்கைக்கு மட்டும்.

வேகத்தைவிட எனக்குப் பெரிய கவலை பாதுகாப்பு. கோவின் அந்த பிப்ரொஃப் முகவரியைப் பொதுவெளியில் திறந்து வைத்தால் முன்பின் தெரியாதவர் உங்கள் நிரலின் உள்வயிற்றைப் பார்ப்பார், தொடர்ந்து அழைத்து சர்வரைத் திணறவும் வைப்பார். அதை லோக்கல்ஹோஸ்டில் மட்டும் கேட்கும்படி தனி போர்ட்டில் வையுங்கள். பை-ஸ்பை டம்ப்பில் 'லோக்கல்ஸ்' விருப்பம் போட்டால் மாறிகளின் மதிப்பும் வரும், அதில் கடவுச்சொல்லும் வரலாம். அந்த வெளியீட்டை அப்படியே குழுவில் ஒட்டாதீர்கள். 3.14-இன் ரிமோட்_எக்ஸெக் வசதியை நிறுவனம் அனுமதிக்காவிட்டால் 'பைத்தான்_டிஸேபிள்_ரிமோட்_டீபக்' என்ற சூழல் மாறியை வைத்து மூடிவிடலாம்.

திருத்தம் முடிந்ததும் ஸ்விட்சைக் கோடிலிருந்து எடுத்துவிடலாமா?

வேண்டாம், விட்டுவையுங்கள். அணைந்திருக்கும்போது அதன் விலை ஒரு கொடியைப் பார்க்கும் நேரம்தான். அடுத்த முறை மாதக் கடைசியில் சர்வர் திணறும்போது புதிய பதிப்பை ஏற்றி மறுபடி தொடங்கினால், சிக்கலின் தடயமே போய்விடும்.

நான் வைக்கும் முறை இது: இயல்பில் அணைந்திருக்கும், போட்டால் 30 விநாடியிலோ ஒரு கோரிக்கையிலோ தானாக நிற்கும், ஃபைல் பெயரில் ப்ராசஸ் எண்ணும் நேரமும் இருக்கும், போட்டதும் நிறுத்தியதும் லாக்கில் ஒரு வரியாகப் பதிவாகும், ஏழு நாள் ஆன ஃபைல்கள் அழிந்துவிடும். தானாக நிற்கும் அந்தப் பகுதியை மட்டும் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை போட்டு மறந்த ஒரு ஸ்விட்ச் திங்கள் காலைக்குள் எங்கள் டிஸ்க்கை நிரப்பியிருந்தது.